வாசலில் நிற்கும் பழைய வண்டி: முன் அச்சை வீட்டிலேயே பிரித்துச் சீர்படுத்தலாமா?



பழைய வாகனம் ஒரு குடும்பத்துக்குச் சுமையா, சொத்தா? இந்தக் கேள்விக்குச் 'சுமை' என்று சொல்வோர் பட்டறைச் செலவுச் சீட்டைக் காட்டுவார்கள். 'சொத்து' என்று சொல்வோர் வாசலில் நிற்கும் வண்டியைக் காட்டுவார்கள். இரு சாராரும் தவறாமல் மறந்துவிடும் ஒன்று உண்டு. வண்டி சுமையாவதும் சொத்தாவதும் அதன் வயதைப் பொறுத்ததன்று. அதைப் பராமரிக்கும் கைகளைப் பொறுத்தது. அதற்குச் சான்றாக, நான்கு சக்கர உந்துசக்தி கொண்ட பழைய வண்டியின் முன் அச்சை இங்கே எடுத்துக்கொள்வோம்.

நம் நாட்டில் இத்தகைய வண்டிகளுக்குத் தனி வரலாறு உண்டு. 1948-இல் ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் முதன்முதலாக உலகத்துக்குக் காட்டப்பட்ட லேண்ட் ரோவர், கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களில் இன்றும் கோஸும் தக்காளியும் சுமந்துகொண்டிருக்கிறது. 1951-இல் ஜப்பானில் பிறந்து, 1954-இல் லேண்ட் குரூசர் என்று பெயர் பெற்ற டோயோட்டா வண்டியோ சபா, சரவாக் உட்புறங்களில் செம்மண் பாதைகளில் மக்களை ஏற்றி இறக்குகிறது. நாற்பது ஆண்டு வயதான வண்டிகள் இவற்றுள் உண்டு. புதிய வண்டி வாங்க வசதியில்லாமல் மட்டும் யாரும் இவற்றை வைத்திருப்பதில்லை. திறந்து பார்த்தால் புரிகிற வண்டி, பிரித்தால் மீண்டும் பூட்டக்கூடிய வண்டி என்பதும் ஒரு காரணம்.

இந்த உரை லேண்ட் குரூசரின் முன் அச்சைப் பற்றியது. 1980-இல் வந்த 60 வரிசை, 1984-இல் வந்த 70 வரிசை, 1990-இல் வந்த 80 வரிசை ஆகிய மூன்றுக்கும் முன் அச்சின் அடிப்படை ஒன்றுதான். இடச் சக்கரத்தையும் வலச் சக்கரத்தையும் ஒரே இரும்புக் குழாய் இணைக்கும். 1998-இல் வந்த 100 வரிசையில் பெரும்பாலான வண்டிகளுக்கு இந்த அமைப்பு மாற்றப்பட்டுவிட்டது. ஆகவே பழைய முழு அச்சைப் புரிந்துகொண்டவர் கையில் மூன்று தலைமுறை வண்டிகளுக்கான சாவி இருக்கிறது என்று சொல்லலாம்.

வண்டி பேசும் மொழி

நோய் வருமுன் உடல் குறிப்புக் காட்டும். வண்டியும் அப்படித்தான். முன் அச்சு காட்டும் குறிப்புகள் நான்கு.

முதலாவது, முன் சக்கரத்தின் உட்பக்கத்தில் பழுப்பு நிறத்தில் எண்ணெயும் கிரீஸும் கலந்து வழிதல். இரண்டாவது, ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெல்ல நகரும்போது 'டக் டக்' என்று கேட்கும் ஒலி. மூன்றாவது, நேரான சாலையில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் கையில் உதறுதல். நான்காவது, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தெரியும் ஆட்டம்.

இவற்றுள் பலர் அலட்சியம் செய்வது முதலாவதைத்தான். "பழைய வண்டி என்றால் எண்ணெய் ஒழுகத்தான் செய்யும்" என்று சிரித்துக்கொண்டே துணியால் துடைத்துவிடுவார்கள். ஆனால் அந்த எண்ணெய் ஒழுகும் இடத்திலிருந்து பிரேக் டிஸ்க்குக்கு எவ்வளவு தூரம்? ஒரு சாண்கூட இல்லை. இன்று குண்டின் மேல் வழியும் எண்ணெய் நாளை பிரேக் பேட்டில் ஊறும். மலைப் பாதையில் இறங்கும் வண்டிக்கு அதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

உள்ளே இருப்பது என்ன?

மனிதனின் தோள் மூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கை எந்தப் பக்கம் திரும்பினாலும் தோள் விடாமல் பிடித்திருக்கிறது. முன் அச்சின் இரு முனைகளிலும் இருப்பது அதுபோன்ற மூட்டுதான். இரும்புக் குழாயின் நுனி உருண்டையான குண்டாக முடிகிறது. அந்தக் குண்டை அணைத்தபடி, சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் என்ற கனமான வார்ப்பு இரும்பு நிற்கிறது. நக்கிள் இடமும் வலமும் திரும்ப மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பியரிங்குகள் உண்டு.

திரும்பினால் மட்டும் போதாது; திரும்பிய நிலையிலும் சக்கரம் சுழல வேண்டும். அதற்காகக் குண்டின் உள்ளே ஆறு எஃகு உருண்டைகள் கொண்ட ஓர் இணைப்பு இருக்கிறது. 1920-களில் ஃபோர்டு நிறுவனப் பொறியாளர் ஆல்ஃபிரட் ஷெப்பா உருவாக்கிய தத்துவத்தில் அமைந்தது அது. பட்டறைகளில் அதைப் பிர்ஃபீல்டு என்று அழைப்பார்கள். சக்கரம் எந்தக் கோணத்தில் ஒடிந்திருந்தாலும் ஒரே சீரான வேகத்தில் சுழற்சியைக் கடத்துவதே அதன் வேலை. அது தேய்ந்தால்தான் 'டக் டக்' ஒலி கேட்கிறது.

இங்கே இரண்டு வகை வழவழப்பு இருப்பதைக் கவனிக்க வேண்டும். அச்சுக் குழாயின் நடுவில், கியர்கள் உள்ள பகுதியில் இருப்பது தண்ணீர்போல் ஓடும் கியர் எண்ணெய். குண்டின் உள்ளே இருப்பது கெட்டியான கிரீஸ். இரண்டையும் பிரித்து வைப்பது உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு ரப்பர் சீல். அது தோற்றுவிட்டால் எண்ணெய் கிரீஸுக்குள் புகுந்து இரண்டும் கலந்து ரசம்போல் ஆகிவிடும். குண்டின் பின்புறத்தில் கிரீஸைத் துடைத்து நிறுத்தும் பெரிய சீல் கெட்டியான கிரீஸுக்காகச் செய்யப்பட்டது. ரசத்தை அதனால் தடுக்க முடியாது. வெளியே வழிவது அந்த ரசம்தான்.

ஆகவே, வெளியே ஒழுகுகிறது என்று வெளிச் சீலை மட்டும் மாற்றினால் நோய் தீராது. நோயின் வேர் உள்ளே இருக்கிறது.

சீல் ஏன் தோற்கிறது?

வயது ஒரு காரணம். ரப்பர் இறுகிவிடும். ஆனால் புதிதாகப் போட்ட சீலும் சில மாதங்களில் ஒழுகுவது உண்டே, அது ஏன்?

மேல், கீழ் பியரிங்குகள் தேய்ந்துவிட்டால் நக்கிள் தன் நடுவிடத்திலிருந்து விலகும். அதோடு சேர்ந்து ஷாஃப்டும் விலகும். விலகிய ஷாஃப்ட் சீலின் ஒரு பக்கத்தை மட்டும் அழுத்தித் தேய்க்கும். பியரிங்கை விட்டுவிட்டுச் சீலை மட்டும் மாற்றியவர் பணத்தை வீணடித்தவரே.

இன்னொரு காரணம் மூச்சு. ஆம், அச்சுக்கும் மூச்சு உண்டு. ஓடும்போது உள்ளே சூடாகும் காற்று வெளியேற, அச்சுக் குழாயின் மேல் சிறிய மூச்சுத்துளை ஒன்று வைத்திருக்கிறார்கள். செம்மண் அடைத்துக்கொண்டால் காற்று வெளியேற வழியின்றிச் சீலைத் தள்ளும். அதே அடைப்போடு சூடான அச்சு திடீரென்று ஆற்று நீரில் இறங்கினால், உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். வெள்ளத்திலும் ஓடைகளிலும் இறங்கி ஏறும் நம் நாட்டு வண்டிகளுக்கு இது சாதாரணமாக நடப்பது. விலையுயர்ந்த பாகங்களை மாற்றும் முன், ஒரு விரல் நுனியளவு உள்ள அந்தத் துளையைச் சுத்தம் செய்யுங்கள்.

ஒரு வீடு, இரண்டு நாள்

இப்போது ஒரு வீட்டைக் கண்முன் கொண்டுவாருங்கள். எந்த வீடு என்று தேட வேண்டாம். இப்படிப்பட்ட வீடுகள் பல உண்டு. ரிங்லெட் பக்கம் சிறிய காய்கறித் தோட்டம். வாசலில் 70 வரிசை லேண்ட் குரூசர். வயதான தந்தை. சிங்கப்பூரில் வேலை பார்த்து, நான்கு நாள் விடுப்பில் வந்திருக்கும் மகன். திங்கட்கிழமை விடியற்காலையில் தாப்பாவுக்குக் காய்கறி இறக்க வேண்டும். வலது முன் சக்கரத்தில் எண்ணெய் வழிகிறது.

"ஃபோர்மேன்கிட்ட விட்டுடலாமேப்பா. கூலியை நான் கொடுத்துடுறேன்" என்கிறான் மகன்.

"கூலிக்காக இல்ல தம்பி. இந்த வண்டிய என் கையால ஒரு தடவையாவது முழுசா பார்க்கணும். நீயும் கூட இரு" என்கிறார் தந்தை.

சனிக்கிழமை காலை வேலை தொடங்குகிறது. முதல் விதி பாதுகாப்பு. சமமான சிமெண்டுத் தரை. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. சக்கர நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே ஒரு சுற்று தளர்த்திவிட வேண்டும். ஜேக் என்பது தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அன்று. தூக்கிய அச்சின் கீழ் உறுதியான ஜேக் ஸ்டாண்ட் இரண்டு இல்லாமல் யாரும் வண்டியின் அடியில் கையைக்கூட நீட்டக்கூடாது. செங்கல்லை அடுக்கி வைத்து உயிரைப் பணயம் வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். செங்கல் நொறுங்கும்போது முன்னறிவிப்புத் தருவதில்லை.

சக்கரத்தைக் கழற்றியதும் பிரேக் கேலிப்பர். அதைக் கழற்றிக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். அதன் பாரம் பிரேக்கின் ரப்பர் குழாயில் விழக்கூடாது. பின்னர் ஹப்பின் முகப்பு. அங்கே நட்டுகளுக்கு அடியில் கூம்பு வடிவ வளையங்கள் ஆண்டுக்கணக்கில் இறுகிக் கிடக்கும். நட்டை முழுதாகக் கழற்றாமல் நுனியில் நிறுத்தி, பித்தளைச் சுத்தியலால் தட்டினால் 'டிங்' என்று குதித்து வரும். எஃகுச் சுத்தியலால் தட்டினால் மரை நசுங்கி, ஐந்து நிமிட வேலை ஐந்து மணி நேரமாகும்.

உள்ளே ஹப்பைப் பிடித்திருக்கும் நட்டுகளுக்கு 54 மில்லிமீட்டர் சாக்கெட் வேண்டும். பலர் இதை வாங்க மனமில்லாமல் உளியை வைத்துத் தட்டிச் சுற்றுவார்கள். வண்டியைப் பிரித்தவுடன், முன்பு அதைத் தொட்டவர் எப்படிப்பட்டவர் என்பது அந்த நட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இந்த வீட்டு வண்டியின் நட்டிலும் உளித் தழும்பு இருந்தது. தந்தை ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, "அது நான்தான். அப்ப சாக்கெட் வாங்க காசு இல்ல" என்கிறார்.

ஹப், அதைத் தாங்கும் ஸ்பிண்டில், அதன் பின் பிர்ஃபீல்டோடு சேர்ந்த ஷாஃப்ட் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். ஷாஃப்டை இழுக்கும்போது வெளி முனையில் உள்ள தட்டையான பகுதி மேல்நோக்கி இருக்கும்படி திருப்பிக்கொண்டால் இலகுவாக வரும். பிறகு ஸ்டீயரிங் இணைப்புத் தண்டுகளைப் பிரித்து, மேல், கீழ் மூடிகளைக் கழற்றினால் நக்கிள் கையோடு வந்துவிடும்.

இந்த இடத்தில்தான் முதல் எச்சரிக்கை. மேல் மூடிக்கும் கீழ் மூடிக்கும் அடியில் காகிதம்போல் மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கும். அவை எத்தனை, எந்தப் பக்கம், மேலா கீழா என்பதை எழுதித் தனித்தனி உறையில் போட வேண்டும். மகன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்கிறான். தந்தை, "எனக்கு ஞாபகம் இருக்கும்" என்கிறார்.

சுத்தம் செய்வதே பாதி வேலை

மதியத்துக்குள் பிரித்து முடித்துவிடலாம். ஆனால் அன்றைய மிச்சப் பொழுது முழுவதும் சுத்தம் செய்வதிலேயே போகும். மண்ணெண்ணெய், பழைய தூரிகை, துணி. ஒவ்வொரு பாகமும் தன் உண்மை நிறத்தைக் காட்டும்வரை கழுவ வேண்டும். கழுவாமல் எந்தப் பாகத்தையும் 'நல்லதுதான்' என்று தீர்ப்புச் சொல்லக்கூடாது. கழுவிய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுவதும் கூடாது. அது ஓடைக்குப் போகும். ஓடை தோட்டத்துக்குப் போகும். ஒரு டின்னில் சேர்த்து, பழைய எண்ணெயைப் பெற்றுக்கொள்ளும் பட்டறையில் ஒப்படைக்க வேண்டும்.

சுத்தமான பிறகு சோதனை. பியரிங் உட்காரும் வளையத்தில் வரிவரியாகப் பள்ளம் விழுந்திருந்தால் அது முடிந்துபோன பியரிங். பிர்ஃபீல்டின் உருண்டைகளைத் தாங்கும் கூட்டில் மயிரிழை விரிசல் இருந்தாலும் மாற்ற வேண்டும். குண்டின் வெளிப்பரப்பில் துரு இருந்தால் நைசான உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கலாம்; குழி விழுந்திருந்தால் அது புதிய சீலையும் கிழிக்கும். ஷாஃப்டில் சீல் உட்காரும் இடத்தை நகத்தால் வருட வேண்டும். நகம் சிக்கினால் அங்கே பள்ளம் இருக்கிறது. எத்தனை புதிய சீல் போட்டாலும் அந்தப் பள்ளத்தின் வழியே எண்ணெய் போகும்.

இவற்றுக்கும் மேலாக ஒன்று. ஸ்டீயரிங் கை நக்கிளோடு சேரும் இடத்தில் உள்ள திருகாணித் தண்டுகள். மாடலுக்கு ஏற்ப இது மேலே இருக்கும் அல்லது கீழே இருக்கும். கிரீஸ் ரசமாகி ஊறிய வண்டிகளில் இந்தத் தண்டுகளின் நட்டுகள் மெல்ல மெல்லத் தளரும். தளர்ந்தால் தண்டு உடையும். உடைந்தால் ஸ்டீயரிங் கையில் இருக்கும், சக்கரம் தன் விருப்பப்படி போகும். முன் அச்சு வேலையில் உயிர்நாடி எது என்று கேட்டால் இந்த இடத்தைத்தான் காட்ட வேண்டும். தேய்ந்த தண்டை மாற்றி, மரையைச் சுத்தம் செய்து, அந்த வண்டிக்குரிய கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ஸ்பேனரால் இறுக்க வேண்டும். 'கை பழக்கம்' என்பது இங்கே செல்லாது.

பூட்டும் நாள்

ஞாயிற்றுக்கிழமை பூட்டும் வேலை. பழைய பியரிங் வளையங்களைப் பித்தளைத் துண்டால் நான்கு புறமும் சமமாகத் தட்டி வெளியேற்றிப் புதியவற்றை ஏற்ற வேண்டும். வளையம் முழுதாக உட்கார்ந்துவிட்டதா என்பதைக் காதால் அறியலாம். அதுவரை வெறுமையாகக் கேட்ட ஓசை, அடித்தளத்தைத் தொட்டவுடன் கனத்த ஓசையாக மாறும். அந்த மாற்றத்தைக் கேட்டதும் மகன் நிமிர்ந்து பார்க்கிறான். "அதான்" என்கிறார் தந்தை. பள்ளிக்கூடம் கற்றுத்தராத பாடம் ஒரு சொல்லில் முடிந்துவிட்டது.

உள் சீலைச் சாயாமல் நேராக ஏற்ற வேண்டும். அதன் ஸ்பிரிங் உள்ள பக்கம் எண்ணெய் இருக்கும் திசையை, அதாவது வண்டியின் நடுவைப் பார்க்க வேண்டும். உதட்டில் சிறிது கிரீஸ் தடவ வேண்டும். பிறகு ஷாஃப்டை நுழைக்கும்போது ஒரு கை அதைத் தாங்கியே இருக்க வேண்டும். ஷாஃப்டின் பற்கள் சீலின் உதட்டில் உரசினால், புதிய சீல் முதல் நாளே கிழிந்துவிடும். வீட்டில் செய்த வேலை ஒரே வாரத்தில் ஒழுகுவதற்குப் பெரும்பாலும் இந்தக் கவனக்குறைவுதான் காரணம்.

அடுத்தது அளவு. நக்கிளைப் பூட்டிய பிறகு, துடைக்கும் சீலை மாட்டுவதற்கு முன்பு, நக்கிளைத் திருப்ப எவ்வளவு பலம் தேவைப்படுகிறது என்று பார்க்க வேண்டும். மீன் நிறுக்கும் கொக்கித் தராசு போதும். ஸ்டீயரிங் தண்டு மாட்டும் துளையில் கொக்கியைப் போட்டு நேராக இழுத்தால் சில கிலோ காட்ட வேண்டும். எத்தனை கிலோ என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருக்கும். மிகக் குறைவாகக் காட்டினால் பியரிங் தளர்வு, ஸ்டீயரிங் உதறும். மிக அதிகமானால் பியரிங் சீக்கிரம் அழியும், ஸ்டீயரிங் திரும்பத் தயங்கும். தகட்டைக் குறைத்தால் இறுக்கம் கூடும். கூட்டினால் இறுக்கம் குறையும்.

இந்த வீட்டில் இடது பக்கம் சரியாக வந்தது. வலது பக்கம் தராசின் முள் அசையவே இல்லை. நக்கிள் ஊஞ்சல்போல் ஆடியது.

"பரவாயில்ல, சீல் போட்டா இறுகிடும்" என்கிறார் தந்தை. மணி நான்கு. மழை வரும்போல் இருக்கிறது.

"சீல் வேற, பியரிங் வேறப்பா. நேத்து எடுத்த படத்துல மேல ரெண்டு தகடு இருந்துச்சு. இப்ப மூணு போட்டிருக்கோம்."

ஒரு கணம் அங்கே மௌனம். இத்தனை ஆண்டு அந்த வண்டியை ஓட்டியவருக்கு, கைகளில் கிரீஸ் படிந்து இரண்டே நாளான பிள்ளை சொல்கிறான். "எனக்குத் தெரியாததா?" என்று கேட்டிருக்கலாம். பல வீடுகளில் பேச்சு அங்கேதான் முறிகிறது. வேலையும் அங்கேதான் கெடுகிறது. ஆனால் அவர் படத்தைப் பார்த்தார். நான்கு நட்டுகளையும் மீண்டும் கழற்றினார். அதிகப்படியான தகட்டை எடுத்தார். தராசு அளவு காட்டியது. தராசுக்கு வயதும் தெரியாது, உறவும் தெரியாது.

பிர்ஃபீல்டுக்குள் மாலிப்டினம் கலந்த கிரீஸை, மறுபக்கம் பிதுங்கி வரும்வரை அழுத்தி நிரப்ப வேண்டும். குண்டின் உள்ளே முக்கால் பங்கு நிரம்பினால் போதும். முழுதாக அடைத்தால் சூட்டில் விரிந்து சீலைத் தள்ளும். சக்கர பியரிங்குகளுக்கு அதற்குரிய கிரீஸ். முதல் நட்டை ஏறத்தாழ 60 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கி, ஹப்பை இருபுறமும் பலமுறை சுழற்றி, தளர்த்தி, பிறகு கையேட்டில் உள்ள இறுதி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பூட்டு வளையத்தின் காதுகளில் ஒன்றை உள் நட்டின் மேலும், மற்றொன்றை வெளி நட்டின் மேலும் மடக்க வேண்டும். மடக்காமல் விட்டால் நட்டு தானாகக் கழன்றுகொள்ளும்.

நிறுத்தத் தெரிந்தவரே கைகாரர்

எல்லாம் முடிந்து பிரேக் பேட்டை மாட்டப் போகும்போது, வலது பக்கத்துப் பேட்டுகள் கறுத்து எண்ணெயில் ஊறியிருப்பது தெரிகிறது. "பெட்ரோல்ல கழுவிக் காயவச்சா போதும்" என்பது தந்தையின் பழைய பழக்கம். அந்தப் பழக்கத்தோடு எத்தனையோ பேர் சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் பேட் என்பது தட்டன்று, துடைத்தால் போக. எண்ணெய் அதன் உட்புறத்தில் ஊறிவிடும். பிரேக் சூடாகும்போது மீண்டும் மேலே கசியும். அப்போது ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் வழுக்கும். வண்டி இழுத்துக்கொண்டு ஓடும். டிஸ்க்கைச் சுத்தம் செய்யலாம். ஊறிய பேட்டை மாற்றத்தான் வேண்டும், அதுவும் இரு சக்கரங்களுக்கும் சேர்த்து.

ஞாயிறு மாலை. பாகக் கடை மூடியிருக்கிறது. விடிந்தால் காய்கறி. ரிங்லெட்டிலிருந்து தாப்பா வரை 59-ஆம் எண் சாலை வளைந்து வளைந்து இறங்குகிறது. ஒருபுறம் மலை, மறுபுறம் பள்ளம். ஒரு நாள் வருமானமா, ஓர் உயிரா? மேடையில் இந்தக் கேள்விக்கு விடை சொல்வது எளிது. வாசலில் பெட்டி பெட்டியாகக் கோஸ் அடுக்கியிருக்கும்போது சொல்வதுதான் கடினம்.

அந்தத் தந்தை பக்கத்துத் தோட்டத்து லாரிக்காரரைக் கூப்பிட்டார். "நாளைக்கு என் காயையும் ஏத்திக்கங்க அண்ணே. வாடகை என்னன்னு சொல்லுங்க." லாபத்தில் பாதி வாடகைக்குப் போயிற்று. வண்டி செவ்வாய்க்கிழமை வரை ஜேக் ஸ்டாண்டிலேயே நின்றது. மகன் திங்கட்கிழமை இரவே பேருந்து ஏறிவிட்டான். செவ்வாய்க்கிழமை காலை புதிய பேட்டை மாட்டியவர் தந்தை. மாட்டி முடித்ததும் பிரேக் மிதியைப் பலமுறை அழுத்தி அது கெட்டிப்பட்டதை உறுதி செய்தார். முதலில் தோட்டப் பாதையில் மெதுவாக ஓட்டிப் பார்த்தார். இறங்கி ஹப்பின் அருகில் கையை வைத்துச் சூடு பார்த்தார். பின்புதான் சாலைக்கு வந்தார்.

வேலை அதோடும் முடியவில்லை. சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஸ்டீயரிங் கை நட்டுகளை மீண்டும் சோதிக்க வேண்டும். இணைப்புத் தண்டைப் பிரித்திருப்பதால் சக்கர நேர்மையை அலைன்மெண்ட் கடையில் பார்க்க வேண்டும். குண்டின் மேல் மெல்லிய கிரீஸ் படலம் தெரிந்தால் பதற வேண்டாம், அது இயல்பு. வழிந்தால்தான் கவலை.

ஆகவே, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். முன் அச்சை வீட்டிலேயே சீர்படுத்தலாமா? சீர்படுத்தலாம். பொறுமையும் கையேடும் சரியான கருவியும் உள்ளவர்கள் தாராளமாகச் செய்யலாம். ஆனால் சில இடங்களில் கையை எடுத்துவிட வேண்டும். குண்டே தேய்ந்திருந்தால், வார்ப்பில் விரிசல் கண்டால், நக்கிளை நடுவில் நிறுத்தும் தனிக் கருவி தேவைப்பட்டால், அது பட்டறையின் வேலை. அங்கே போவது தோல்வியன்று. அனுபவமுள்ள ஃபோர்மேனிடம் கூலி கொடுத்துப் பெறுவது அவர் நேரத்தை மட்டுமன்று, அவர் கற்ற ஆண்டுகளையும்தான்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஆழம் தெரிந்துகொண்ட பின்னும் காலை விடாதிருப்பதும் சரியன்று. நம் பிள்ளைகளுக்குத் திரையைத் தொடத் தெரிகிறது. ஸ்பேனரைத் தொட வாய்ப்புத் தருகிறோமா? அழுக்குப் படிந்த கை தாழ்ந்த கை என்ற எண்ணத்தை எந்த வயதில் அவர்களுக்கு ஊட்டினோம்? ஒரு விடுமுறையில் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சக்கரத்தைக் கழற்றிக் காட்டுங்கள். அவன் தவற்றைச் சுட்டிக்காட்டினால் கோபப்படாமல் தராசைப் பாருங்கள்.

வாசலில் நிற்கும் பழைய வண்டி சுமையா, சொத்தா என்பதற்கு அப்போது அவனே விடை சொல்வான்.